மூப்பர்கள் திருத்திய படம்

ஒரு பாவத்தை விசாரிக்க வேண்டுமானால் முதலில் அதை நன்றாகப் பார்த்தாக வேண்டும் என்று எங்கள் சபையின் மூப்பர் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தை எழுதியவர் போதகர் சிப்ராண்டுஸ் ஐயா. மை உலர மணல் தூவியவன் நான். அந்தக் கோயிலுக்கு நான் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மூப்பர்களின் காலடிக் கணப்புகளில் தணல் போடுவது, கூட்டம் நடக்கும்போது கதவோரம் நிற்பது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாயைத் திறக்காமல் இருப்பதும் என் வேலைதான். மற்ற வேலைகளில் சில நாள் தவறியிருப்பேன். இதில் மட்டும் முப்பத்தோரு வருஷம் தவறியதே இல்லை. இந்தக் கதையைக் கேட்டால் அதற்காக என்னைப் பாராட்ட மாட்டீர்கள்.

ஸ்பெயின்காரனோடு எண்பது வருஷம் நடந்த சண்டை ஓய்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் காலையில் குதிரை இழுக்கும் படகில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, மூப்பர் ஹிலெப்ராண்ட் காய்ச்சும் பியர். இன்னொன்று, மாஸ்டர் யோரிஸ் போடும் செப்புத்தகட்டுப் படங்கள். மெழுகு பூசிய செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் முக்கி, மை தடவி, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைக்குள் விட்டு எடுப்பார். உள்ளங்கை அகலக் காகிதம்தான். அதற்குள் ஒரு சமையலறையும் அதன் இருட்டும் அடுப்புச் சூடும் வந்து உட்கார்ந்திருக்கும். பாரிஸிலிருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிப் போனார்கள்.

மாஸ்டர் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் துணி துவைக்கப் போனவள் டியூவெர். சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் தரையையும் அவள்தான் தேய்த்துக் கழுவுவாள். அவள் புருஷன் எவெர்ட் கப்பல் தச்சன். சோழமண்டலக் கரைக்குப் போன கப்பலில் அவன் ஏறியபோது அவளுக்கு மூன்று மாதம். பையன் பிறந்தான். யெல்லெ என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தோம். பிள்ளைக்குக் குளிருமே என்று தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி வைத்தேன். அவனுக்கு ஐந்து மாதம் ஆனபோது ஒரு குளிர்நாளில், துவைத்து முடித்த டியூவெர் நனைந்த சட்டையை இடுப்புவரை இறக்கிவிட்டு, மாஸ்டர் வீட்டு அடுப்போரம் முக்காலியில் உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்தாள். கதவருகே வந்த மாஸ்டர், அப்படியே இரும்மா, அசையாதே என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தகட்டை எடுத்து வந்தார். நடந்தது அவ்வளவுதான். பையன் வயிறு நிறைந்து தூங்கும்வரை அவர் கீறினார், அவள் உட்கார்ந்திருந்தாள்.

நல்ல பிரதி ஒன்று தருகிறேன், புருஷன் வந்தால் காட்டு என்று மாஸ்டர் சொன்னார். முதலில் எடுத்தவை ஆம்ஸ்டர்டாம் போயின. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. மார்ச் மாதம் யெல்லெக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் நான் சின்ன மணியை அடித்தேன்.

எவெர்ட் தன் மகனைப் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பதென்றால் அந்தக் காகிதத்தில்தான் பார்க்க வேண்டும். கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் மூப்பர் சங்கம்.

ஏப்ரலில் மூப்பர் ஆட்ரியான் பாலத்தடிப் படக்கடையில் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் கம்பளி வியாபாரி, கண்ணியமானவர். பலவீனமான சகோதரன் எவன் கண்ணிலாவது பட்டுவிடக் கூடாதே என்று அதை உடனே வாங்கிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் கடைக்காரன் இன்னொன்றைத் தொங்கவிட்டிருந்தான். அதையும் வாங்கினார். நான்காவதை வாங்கிய பிறகுதான் விஷயத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

போதகரையும் சேர்த்துச் சங்கத்தில் பதினாலு பேர். முதல் கூட்டத்தில் ஒரே ஒரு படம் மேசையைச் சுற்றி வந்தது. இரண்டு மணிக்குப் புறப்பட்ட படம் மூன்றரைக்கு மூப்பர் ஹிலெப்ராண்டிடம் வந்தது. அவர் வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலுக்குப் போனார். ஜன்னலில் வெளிச்சம் அதிகம் என்று திரும்பி வந்தார். ஏழாவது ஆளிடம் போகும்போது கணப்புத் தணலெல்லாம் அணைந்து நான் மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. படத்தில் டியூவெரின் முகம் பையனை நோக்கிக் குனிந்து பாதி நிழலில் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் அவளைப் பார்க்கிற எனக்கே அவளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூப்பர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

இப்படியே போனால் விசாரணை முடியாது என்று போதகர் ஐயாவுக்குப் புரிந்தது. அவர் எழுந்து நின்றார்.

"சகோதரர்களே, ஒருத்தர் பார்க்கும்போது பக்கத்துல இருக்கிறவரும் எட்டிப் பார்க்கிறார். அது இடறல். அதனால அவரவர் வீட்டுல, கதவைச் சாத்திக்கிட்டு, தனியா, ஜெபத்தோட பார்க்கிறதுதான் வேதத்துக்கு ஏற்ற முறை."

மாஸ்டர் யோரிஸிடம் பதினாலு பிரதிகள் எடுக்கச் சொல்லி ஆள் போனது. ஒவ்வொன்றின் பின்னாலும் சாட்சிப் பொருள் என்று எழுதி எண் போட்டார்கள். எண் போட்டுக் கட்டிய உறைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இது என்ன என்று மூப்பர்களின் மனைவிமார் கேட்டார்கள். சபை விஷயம் என்றேன். பாவம், இந்த மனுஷர் சபைக்காக ராவும் பகலும் உழைக்கிறார் என்று ஓர் அம்மாள் பெருமூச்சு விட்டார்.

வட்டாரத் தலைமைச் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். வந்து சேரவில்லை என்று பதில் வந்தது. இன்னொன்று அனுப்பினோம். அதுவும் வந்து சேரவில்லையாம். நான்காவதற்குப் பிறகு வந்த கடிதத்தில், கிடைத்தவை மங்கலாக இருப்பதாகவும், தகடு தேய்வதற்குமுன் எடுத்த தெளிவான பிரதி இருந்தால் நீதி வழங்க உதவியாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

மே மாதம் டியூவெரைக் கூப்பிட்டார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகளை இடுப்பில் கட்டிய துணியில் சுற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"படத்துல இருக்கிறது நீதானா?" என்று போதகர் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"மடியில இருக்கிறது யாரு?"

"என் பையன், ஐயா. யெல்லெ. மார்ச் மாசம் தவறிட்டான்."

இரண்டாவது உருவம் அடையாளம் காணப்பட்டது, நேரில் ஆஜராக இயலாது என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். பத்துக் கட்டளைகளில் விபசாரம் செய்யாதே என்கிற ஏழாம் கற்பனையை நீ எப்படி மீறினாய் என்று உனக்குத் தெரிகிறதா என்று கேட்டார்கள். அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"பசிச்சு அழுதான், ஐயா. கொடுத்தேன்."

கொடுத்தது குற்றமில்லை, தெரியும்படி கொடுத்ததுதான் குற்றம் என்று மூப்பர் ஹிலெப்ராண்ட் அன்போடு விளக்கினார். அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததை விட்டுவிட்டு, தான் கேட்க வந்ததைக் கேட்டாள். புருஷன் அடுத்த வருஷம் திரும்பும் கப்பல்களில் வருவான். பையன் பிறந்த சேதிக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஒரு பிரதி கொடுத்தால் போதும்.

குற்றம் சாட்டப்பட்டவர் கையில் சாட்சிப் பொருளைக் கொடுக்க விதி இல்லை என்றார் போதகர்.

"பதினாலு இருக்குதுங்களே ஐயா. ஒண்ணுதானே கேக்கிறேன்."

"பதினாலும் வேண்டியிருக்கு," என்றார் மூப்பர் ஆட்ரியான். அதைச் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்தார்.

வழக்கு முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். எப்போது முடியும் என்று கேட்டாள். சத்தியத்துக்கு அவசரம் கிடையாது என்று பதில் வந்தது. அதுவரை அவள் திருவிருந்தில் பங்கெடுக்கக் கூடாது என்றும் தீர்ப்பானது. தரை கழுவுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே திருவிருந்து மேசைக்கு அவள் வரக் கூடாது, மேசைக்கு அடியில் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து தேய்க்கலாம் என்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூப்பர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போனதால் அவருடைய உறையைப் புது மூப்பரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் அது என் பையில் இருந்தது. அவள் சந்தில் இரண்டு தடவை நடந்தேன். அவள் வாசல் கதவு பாதி திறந்து கிடந்தது, உள்ளே யாரோ துணி பிழியும் சத்தம் கேட்டது. தொலைந்துபோயிற்று என்று சங்கத்தில் சொல்லியிருந்தால் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்துகொண்டு மூன்றாம் நாள் உறையைப் புது மூப்பரிடம் கொடுத்துவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூப்பர்கள் தங்கள் ஆய்வை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. அக்டோபரில் அறிக்கைகள் வந்தன. மூப்பர் ஆட்ரியான் தன்னுடையதை எழுந்து நின்று வாசித்தார்: "நான் இந்தப் படத்தை நாற்பத்திரண்டு முறை பரிசீலித்தேன். ஒவ்வொரு முறையும் என் அருவருப்பு குறைந்திருக்கிறதா என்று என்னை நானே சோதித்தேன். இம்மியும் குறையவில்லை. சபை கேட்டுக்கொண்டால் இன்னும் பரிசீலிக்கச் சித்தமாயிருக்கிறேன்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மூப்பர் ஹிலெப்ராண்டின் அறிக்கை, அடுப்பு வெளிச்சம் தோளில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் போனது.

அறிக்கைகளையெல்லாம் நூல் கோத்துக் கட்டி வைத்தவன் நான். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதை மூப்பர்கள் மறந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். பதினாலு அறிக்கைகளில் ஒன்றே ஒன்றில்தான் குழந்தை வருகிறது. குழந்தையின் தலை ஒரு பகுதியை மறைப்பதால் முழுமையான விசாரணைக்கு இடையூறாக உள்ளது என்று எழுதியிருந்தது.

தகட்டை அழித்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். அழித்துவிட்டால் சபை எதைக் கண்டித்தது என்பதற்கே ஆதாரம் இல்லாமல் போய்விடும் என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். பாவியைத் திருத்துவதுபோலப் படத்தையும் திருத்துவோம் என்றார் போதகர். ஒரு சால்வையைப் போர்த்தலாம் என்று மூப்பர் ஆட்ரியான் முன்மொழிந்தார். லைடன் கம்பளியா, ஹார்லெம் லினனா என்பதில் இரண்டு கூட்டங்கள் போயின. மூப்பர் ஆட்ரியான் கடையில் விற்பது லைடன் கம்பளி. லைடன் கம்பளியே தேறியது.

மாஸ்டர் யோரிஸ் முரண்டு பிடிக்கவில்லை. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவித்தால்தான் கல்யாணம் நடக்கும். அந்த அறிவிப்பை வாசிப்பவர் போதகர் சிப்ராண்டுஸ். ஆகவே தகட்டில் சால்வை ஏறியது.

புதுப் பிரதிகள் வந்தன. மூப்பர்கள் பார்த்தார்கள். அப்புறம் மூப்பர் ஹிலெப்ராண்ட், "பிள்ளை கம்பளியைச் சப்புதே," என்றார்.

அது உண்மைதான். டியூவெர் கழுத்துவரை மூடியிருந்தாள். பையன் கண்ணை மூடிக்கொண்டு லைடன் கம்பளியில் வாயை வைத்திருந்தான். எந்தக் குழந்தையும் கம்பளியில் பால் குடிக்காது, ஆகவே இந்தப் படம் பொய் சொல்கிறது, பொய் ஒன்பதாம் கற்பனைக்கு விரோதம் என்று போதகர் நிறுவினார். முன்பு ஒரு கற்பனைதான் மீறப்பட்டிருந்தது. சங்கம் திருத்திய பிறகு இரண்டு ஆயிற்று. சால்வையை எடுத்தால் ஏழாவது, விட்டால் ஒன்பதாவது. இதில் ஐந்து வாரம் தவித்தார்கள். குழந்தையை எடுத்துவிட்டால் இரண்டுமே தீர்ந்துவிடும் என்று கடைசியில் கண்டுபிடித்தவர் மூப்பர் ஆட்ரியான். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

இந்தச் சேதியை டியூவெரிடம் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை. அடுத்த கூட்டத்தில் யாரும் கூப்பிடாமல் அவளே கதவைத் தட்டினாள். திறந்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

"அவனை எடுத்துராதீங்க ஐயா. என்னை எடுத்துருங்க. என்னைய முழுசாக் கறுப்படிச்சிருங்க, தலையிலேருந்து கால்வரைக்கும் அடிச்சிருங்க. நான் இருக்கணும்னு இல்ல. அவன் மட்டும் அங்க இருக்கட்டும்."

போதகர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வீடுகளுக்கெல்லாம் பயப்படாமல் போகிறவர். யெல்லெயின் அடக்கத்துக்கும் அவர்தான் வந்தார். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள், கற்பனைகள்தான் தெரியும்.

"தாங்குறவங்க இல்லாம குழந்தை அந்தரத்துல தொங்குமாம்மா? அது ஒண்ணு. அடுத்தது, அது உன் பிள்ளை இல்ல. மையும் காகிதமும். அதுமேல இவ்ளோ பாசம் வைக்கிறது சிலையைக் கும்பிடுற ரோமாபுரிக்காரங்க செய்யிற வேலை. இரண்டாம் கற்பனையை ஞாபகம் வச்சுக்கோ."

விக்கிரகப் பற்று என்று அவள்மேல் புதிதாக ஒரு குற்றம் பதிவாயிற்று. வழக்கு இன்னும் நான்கு மாதம் நீண்டது.

குழந்தையைத் தகட்டிலிருந்து எடுக்கும் நாளில் சங்கத்தின் சாட்சியாக என்னை மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாஸ்டர் கதவைத் திறந்துவிட்டார். சுரண்டுக் கத்தியை எடுத்துத் தகட்டில் குனிந்தார். செம்பு சின்னச் சின்னச் சுருளாக வந்தது. முதலில் முதுகு போயிற்று. அப்புறம் முகம். சுரண்டிய இடம் பள்ளமாகிவிடும் என்பதால் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டினார். மெருகுக் கம்பியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். ஐந்து மாதப் பிள்ளையை எடுக்க மத்தியானம்வரை ஆயிற்று.

அவன் இருந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளவென்று வெறுமையாக இருந்தது. அங்கே எதையாவது போட வேண்டும். துவைத்த துணிமூட்டை என்று சங்கம் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. துணி மடிப்பை மனசில் வைத்துக்கொண்டு போட மாஸ்டருக்கு வரவில்லை. இரண்டு தரம் வரைந்து பார்த்துக் காகிதத்தைக் கசக்கினார். பிறகு கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"டியூவெர், கொஞ்சம் இங்க வந்து உட்காரும்மா. கையெல்லாம் தகட்டுல ஏற்கெனவே இருக்கு. எனக்குத் துணி மடிப்பு மட்டும் போதும்."

அவள் வந்தாள். அதே முக்காலியில், அதே அடுப்போரம் உட்கார்ந்தாள். தலையணை உறைகளைச் சுருட்டி அவள் மடியில் வைத்தார் மாஸ்டர். அவள் அதை வாங்கி ஏந்திக்கொண்டாள். அவர் ஊசியை எடுத்தார். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"முடிஞ்சிருச்சாங்கய்யா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். முடிந்தது என்றார். எழுந்து, அந்த உறைகளைக் கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்டாள். திரும்பி வந்து மேசையில் கிடந்த செம்புத் துகளைத் துடைத்தாள். அந்த வீட்டில் மேசை துடைப்பது அவள் வேலைதான்.

புதுப் படம் சங்கத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கம்பளி போர்த்திய ஒரு பெண் அடுப்போரம் உட்கார்ந்து துணிமூட்டையை ஏந்திக்கொண்டு அதைப் பார்த்துக் குனிந்திருந்தாள். உழைப்பை நேசிக்கும் கிறிஸ்தவப் பெண் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சபையின் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இதை மாட்டலாம் என்று சிபாரிசு செய்தார்கள்.

பழைய பிரதிகளைச் சபை முன்னிலையில் எரிப்பது என்று முடிவாயிற்று. பதினாலு வீட்டுக்கும் போய் உறைகளை வாங்கி வந்தேன். எல்லாம் அரக்கு வைத்து ஒட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தால் பழைய இடறல் மறுபடி எழும்பும், பிரிக்காமலே போடு என்றார் போதகர். மூப்பர்கள் எழுந்து நின்று சங்கீதம் பாட, நான் ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டேன். சூட்டில் அரக்கு உருகி உறைகள் தாமாகவே விரிந்தன. முதலாவதில் துணிமூட்டை ஏந்திய புதுப் படம் இருந்தது. இரண்டாவதில் ஒரு பசுமாட்டின் படம். மூன்றாவதில் போன வருஷத்துப் பஞ்சாங்கம். பதினாலையும் பார்த்தேன். ஒன்றில்கூட அவளும் அவனும் இல்லை. பதினாலு சாட்சிப் பொருள்களும் சாம்பலாயின என்று போதகர் எழுதினார். மனசார நம்பித்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். அவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் எழுதிய உறையிலிருந்து வந்ததும் பஞ்சாங்கம்தான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் மணல் தூவினேன்.

ஆகஸ்டில் கப்பல்கள் திரும்பின. பையன் தவறிய சேதியை எழுதிய இரண்டாவது கடிதம் எவெர்ட் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. பிள்ளைக்கென்று பூப்போட்ட சீட்டித்துணி ஒரு முழம் வாங்கிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கியிருக்கிறான். டியூவெர் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளை வீட்டில் தூங்குகிறானா என்று கேட்டானாம். இதைத் துறைமுகத்தில் நின்ற ஒரு சுமைகாரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வாரமே சங்கத்தின் முடிவைக் கேட்க இருவரும் வந்தார்கள். எவெர்ட் நெடிய ஆள், வெயிலில் கறுத்துப்போயிருந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பேசத் தெரியாதவன் பேசுவதுபோலப் பேசினான்.

"எம்மவன் படம் ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா. ஒரு தடவை பார்த்துக்கிட்டுக் குடுத்துர்றேன், ஐயா."

போதகர் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவரிடம் நல்ல சேதி இருந்தது. அதை வாசித்தார்: "டியூவெர் என்னும் சகோதரியிடம் சபை குற்றம் எதையும் காணவில்லை. இப்போது படத்தில் உள்ளதில் குற்றம் இல்லை. முன்பு இருந்தது எரிந்துவிட்டது. இல்லாத ஒன்றுக்காக ஒருவரைக் கண்டிக்க நமக்கு விதி இல்லை. அவள் திருவிருந்துக்கு வரலாம்." சமாதானத்தின் அடையாளமாக, உழைப்பை நேசிக்கும் கிறிஸ்தவப் பெண்ணின் முதல் தரமான பிரதி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

டியூவெர் வாங்கிப் பார்த்தாள். மேசையைச் சுற்றி அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். நன்றி சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

"பாரு, துணியை எவ்ளோ அழகா ஏந்தியிருக்க," என்றார் மூப்பர் ஆட்ரியான்.

"துணிமூட்டையை யாரும் இப்படிப் பிடிக்க மாட்டாங்க, ஐயா."

அவள் குரலில் கோபம் இல்லை. துவைக்கிறவள் துணியைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். மூப்பர் ஆட்ரியான் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். துணி வியாபாரிக்கு உடனே தெரிந்துவிட்டது. மூட்டையின் மேல் நுனிக்கு அடியில் அவள் கை விரிந்து குழிந்திருந்தது. ஐந்து விரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, நழுவக் கூடாத உருண்டையான ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. தலையணை உறைக்கு அப்படி ஒரு கை வேண்டியதில்லை.

இதுவும் ஒரு குறைதான் என்று போதகர் ஒப்புக்கொண்டார். கையையும் எடுத்துவிட்டு வேறு கை போட மாஸ்டரிடம் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவளுக்காகத்தான் சொன்னார்.

டியூவெர் காகிதத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். கை நல்லா இருக்கு. கையை விட்டுருங்க ஐயா."

சகோதரி படத்தில் முழுத் திருப்தி தெரிவித்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே வந்ததும் எவெர்ட் படத்தை அவளிடமிருந்து வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பிடித்தான். தச்சன் மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவளுடைய கையை எடுத்து, படத்தில் இருப்பதுபோலவே விரல்களை விரித்துக் குழித்து, அதற்குள் தன் முஷ்டியை வைத்தான்.

"இவ்ளோ பெருசா?"

"இதைவிடக் கொஞ்சம் பெருசு."

முஷ்டியை மெல்லத் தளர்த்தினான். "இப்ப?"

அவள் விரல்களை அவன் கைமேல் மூடித் திறந்து பார்த்தாள்.

"ம். இவ்ளோதான் இருந்தான்."

உள்ளேயிருந்து அடுத்த விஷயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். காற்றில் காகிதமெல்லாம் பறக்கிறது, கதவைச் சாத்து என்று மூப்பர் ஹிலெப்ராண்ட் சத்தம் போட்டார். அவர்கள் இருவரும் கையை எடுக்கவில்லை. எடுக்கும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.